வாராவதி இறக்கம்

ராயபுரம், கல்மண்டபம்
18–11–1934

தங்கை ராஜாத்திக்கு அண்ணன் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி பச்சையம்மாவும் சுகம். உன் புருஷனும் சுகம். மூன்று வேளையும் சுகமாகச் சாப்பிடுகிறார். அங்கே நீயும் குழந்தை தாயம்மாவும் எப்படி என்று எழுதவும். ஆடு எப்படி என்றும் எழுதவும். அதை நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை கேட்கச் சொன்னார்.

கோலார் சுரங்கத்தில் ஆளைக் குறைத்தால் மெட்ராசில் ஆளைக் கூட்டுவார்கள் என்று நாம் நினைத்தது தப்பு. இங்கேயும் குறைக்கிறார்கள். ஹார்பருக்குப் போனோம். திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் நடந்தோம். எந்த கேட்டுக்குப் போனாலும் தேர்க்கூட்டம். ஒரு மேஸ்திரியிடம், "இவரு கோலார்ல தங்கம் தோண்டினவரு" என்று சிபாரிசு பண்ணினேன். அவன், "தங்கம் தோண்டினவன் இங்க இன்னாத்துக்கு வர்றான்? எனக்கு ரெண்டு கட்டி குடுத்துட்டு வூட்ல குந்தச் சொல்லு" என்றான். நான் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருக்கு வருஷத்துக்கு ஒரு சிரிப்புத்தானே, இந்த வருஷத்துச் சிரிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆனால் ஒரு வழி தெரிந்திருக்கிறது. மெட்ராசில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. மேடு வேண்டுமென்றால் ரயில் பாதைக்கு மேலே கட்டின வாராவதிதான். அதன் வடக்கு இறக்கம் நல்ல சரிவு. வருஷா வருஷம் காணும் பொங்கல் அன்று பட்டறை ஆட்களும் மரத்தொட்டி ஆட்களும் பலகையில் சக்கரம் கோத்து, மாடும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் அந்த இறக்கத்தில் உருண்டு பந்தயம் விடுவார்கள். வண்டிக்கு இரண்டு பேர். முன்னால் இருப்பவன் கயிற்றைப் பிடித்துத் திருப்புவான், பின்னால் இருப்பவன் நிறுத்துவான். மீசை முளைக்காதவன் வாராவதியில் ஏறக்கூடாது என்பது சட்டம்.

பெரிய பட்டறையின் ஃபோர்மன் துரைக்கு இந்த வேடிக்கை மேல் ஆசை வந்துவிட்டது. இந்தப் பொங்கலுக்கு ஜெயிக்கிற வண்டியிலிருந்து ஓர் ஆளை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக கேட்டில் சொல்லியிருக்கிறான். போன மாசம் அதே கேட்டில் பாதிப் பேரை வெளியே தள்ளினவனும் அவன்தான். இருக்கட்டும். எனக்கு மரத்தொட்டியில் மரம் அறுக்கும் வாள் இழுக்கிற வேலை இருக்கிறது. நாங்கள் ஜெயித்தால் வேலை மாப்பிள்ளைக்கு. நீயும் குழந்தையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

மாப்பிள்ளை உனக்குச் சொல்லச் சொன்னது: கூரைத் தகரத்தின் மேல் கல் வைத்தாயா, காற்று அடிக்கும். அவ்வளவுதான். இதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
பொன்னுரங்கம்


மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
30–11–1934

அண்ணனுக்குத் தங்கை ராஜாத்தி எழுதியது. நாங்கள் இரண்டு பேரும் நலம். தாயம்மாவுக்கு இருமல் இருந்தது, விட்டுவிட்டது. அண்ணிக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

கூரைக்குக் கல் வைத்தாயிற்று. ஆடும் நலம். அவரிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் சோறு இறங்காது.

அண்ணா, நீ சிரிக்கச் சிரிக்க எழுதுகிறாய். எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை. சுரங்கத்து மேஸ்திரி வந்தார். வேலையில் பெயர் இல்லாதவன் குடும்பத்துக்குக் கம்பெனியின் லைன் வீடு கிடையாதாம். கையைக் காலைப் பிடித்ததில் சித்திரை முடியும் வரை இருக்கலாம் என்றிருக்கிறார். அதற்குள் அவருக்கு அங்கே வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் எங்கே போவது? உன் வீடு ஒற்றை அறை. வேலை இல்லாத மூன்று பேரை அதில் எங்கே படுக்க வைப்பாய்?

அதற்கு வழி பொம்மை வண்டி என்கிறாய். மீசை முளைத்தவர்கள் பலகையில் உட்கார்ந்து உருளுவார்களாம், வெள்ளைக்காரன் பார்த்துச் சிரித்துவிட்டு வேலை கொடுப்பானாம். சுரங்கத்தில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டுக் கொடுக்கக்கூடாதா?

ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. செய்யுங்கள். அவருக்குக் குளிர் ஆகாது, காலையில் சுடுதண்ணீர் கொடுக்கச் சொல்லு.

இப்படிக்கு
ராஜாத்தி


ராயபுரம்
16–12–1934

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எல்லாரும் சௌக்கியம். அண்ணியின் கால் வீக்கம் வடிந்துவிட்டது; நேற்று என்னைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடிவந்தாள். காரணம், அவளுடைய துணி துவைக்கிற பலகை இப்போது எங்கள் வண்டிக்கு அடிப்பலகை.

வண்டி முக்கால்வாசி ஆயிற்று. என் தோஸ்து அத்தாவுல்லா கல்மண்டபத்தில் வண்டிப்பட்டறை வைத்திருக்கிறான் அல்லவா, அவன்தான் சக்கரம் தேடிக் கொடுத்தான். உடைந்துபோன டிராலியிலிருந்து கழற்றின வார்ப்பு இரும்புச் சக்கரம் நான்கு, நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. அதன் மேல் மோட்டார் டயரை அறுத்துப் பட்டையாகச் சுற்றி ஆணி அடித்திருக்கிறோம். உட்காருவதற்கு யானைக்கவுனிக் கடையிலிருந்து சவுக்காரம் வந்த மரப்பெட்டி. இன்னும் வாசனை போகவில்லை.

அத்தாவுல்லா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமு, பந்தயம் வுடற வண்டி செய்யச் சொன்னா துணி தொவைக்கிற வண்டி செஞ்சிகினு கீறே?" என்றான்.

"நீ ஏறி குந்து, உன்ன வெள்ளாவி வெச்சி எடுக்கிறேன்" என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாள் சண்டை. வண்டியை எப்படி நிறுத்துவது? பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து அழுத்துகிற மாதிரி மிதிபலகை வைக்கவேண்டும் என்கிறான் அத்தாவுல்லா. மாப்பிள்ளை வேண்டாம் என்றார். ஆமாம், உன் புருஷன்தான், வாயைத் திறந்து பேசினார். "சுரங்கத்துக்குள்ளே பத்து வருஷமா டிரக் தள்ளினவன் நான். கல்லு ரொம்பின டிரக்கை ஒத்தக் கட்டையில நிறுத்துவேன். சக்கரத்து ஓட்டையில கட்டையச் சொருகினா அதோட சரி. மிதிபலகை வெயிட்டு, வேகத்தைத் தின்னுடும்."

"அங்க தண்டவாளம் கீது நைனா. இங்க இன்னா கீது? மாட்டுச் சாணிதான் கீது" என்றான் அத்தாவுல்லா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ராஜாத்தி, வந்த நாளிலிருந்து கேட்டுக்கு கேட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற மனிதர், அந்தக் கட்டையைக் கையில் பிடித்ததும் ஓர் அங்குலம் வளர்ந்தமாதிரி இருந்தார். நான் கட்டைக்கே ஓட்டுப் போட்டேன். மீன் இறக்குகிற சரிவில் உருட்டிப் பார்த்தோம். சொருகினார், நின்றது. மறுபடி உருட்டினோம், நின்றது. கருவாட்டுக் கூடைக்காரிகள் எல்லாம் கை தட்டினார்கள். அப்போது அந்தப் பாக்கிச் சிரிப்பைச் சிரித்துவிட்டார். நான் சாட்சி.

உனக்குச் சொல்லச் சொன்னது: ஆட்டை மழையில் கட்டாதே.

பொன்னுரங்கம்


மாரிக்குப்பம்
30–12–1934

அண்ணனுக்கு. இங்கே சௌக்கியம். குளிர் அதிகம்.

அவர் சிரித்தார் என்று எழுதியதை நான்கு தடவை படித்தேன். எங்கள் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை, மாலை கனமாக இருக்கிறது என்றார். மீன் கூடைக்காரிகளைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா? வருகிறேன், அங்கே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா, நான் நம்பக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது நம்புகிறேன். தாயம்மா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்கப்பா வாராவதியிலேர்ந்து உருண்டா எங்களுக்கு வீடு" என்று பாட்டாகவே பாடுகிறாள். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். என் அம்மிக்கல்லை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று எண்ணம். தூக்கிக்கொண்டு வர முடியாது.

ஒன்றுமட்டும் சொல்கிறேன். அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். சுரங்கத்தில் ஒருதடவை கட்டையோடு கையும் போகப் பார்த்தது. விடு என்று கத்தினால்தான் விடுவார். நீ முன்னால் உட்கார்ந்து உன் பாட்டுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்காதே.

ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே ஒரு கார்டு போடு.

ராஜாத்தி


ராயபுரம்
22–1–1935

அன்புள்ள தங்கைக்கு அண்ணன். எல்லாரும் சுகம். அன்றைக்கே கார்டு போடச் சொன்னாய், போட முடியவில்லை. ஜெயித்தவன் வீட்டில் கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

ஆமாம், ஜெயித்துவிட்டோம்!

வாராவதி இரண்டு பக்கமும் ஜனம். வண்டிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து ஒரே அமர்க்களம். ஃபோர்மன் துரை மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய கிளார்க்கு ஒவ்வொரு வண்டியாக வந்து, ஜெயித்தால் வேலைக்கு வரும் ஆள் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "பக்தவச்சலம்" என்று மாப்பிள்ளை பெயரை எல்லார் காதிலும் விழச் சொன்னேன்.

ஹார்பர்காரர்கள் எங்கள் சவுக்காரப் பெட்டியை முகர்ந்து பார்த்து, "இன்னாபா, பந்தயத்துக்கு வந்தியா குளிக்க வந்தியா?" என்றார்கள். "உங்கள தொவைக்க வந்தோம்" என்றேன். கொடி இறங்கியது. பாதி இறக்கம் வரை அவர்கள்தான் முன்னே. பிறகு நம் வண்டி கனம் பிடித்துக்கொண்டு இறங்கியது பார், என் தலைப்பாகை பறந்து எந்த வீட்டுக் கூரையில் விழுந்ததோ தெரியாது. பின்னாலிருந்து மாப்பிள்ளை, "வுடுங்க மச்சான், கயித்த லூசா வுடுங்க" என்று கத்துகிறார். அந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை முதலில் தாண்டினது நாம்தான். கோட்டுக்கு அந்தண்டைப் பெரிய கதை ஒன்றும் இல்லை. எல்லா வண்டியும் எங்கேயாவது போய் நிற்கத்தானே வேண்டும்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து பெரிய பட்டறை கேட்டில் பக்தவச்சலம் என்று பெயர் கூப்பிடுகிறார்கள். வேலை வேலைதான், மாற்றமில்லை.

மாப்பிள்ளை சொல்லச் சொன்னது: என் கண்மணி ராஜாத்தி, உன் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது, விசாரப்படாதே.

அண்ணன்
பொன்னுரங்கம்


மாரிக்குப்பம்
4–2–1935

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. நீங்கள் எல்லாரும் நூறு வருஷம் சுகமாக இருக்கவேண்டும்.

கடிதத்தைப் படித்ததும் கீழே உட்கார்ந்துவிட்டேன். வியாகுலம்மாள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். வேலை என்ற ஒரு வார்த்தைதான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன், தாயம்மா மட்டும் குதித்தாள். அம்மிக்கல்லைக் கொடுத்துவிட்டேன்.

அண்ணா, கண்மணி என்றா சொன்னார்? அப்படி ஒரு வார்த்தையை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே?

பட்டறையில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? நெருப்புக்குப் பக்கத்திலா? நிற்கிற வேலையா? மத்தியானம் சோறு யார் கொண்டுபோகிறார்கள்? எல்லாம் எழுது. மாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து அவரையே வந்து எங்களை அழைத்துப்போகச் சொல். பங்காருப்பேட்டை வரைக்கும் வந்தால் போதும், அதுவரை நாங்கள் வந்துவிடுகிறோம்.

ராஜாத்தி


ராயபுரம்
28–2–1935

தங்கைக்கு. சுகம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

பட்டறையில் இரும்பு அறுக்கிற இடத்தில் வேலை. நெருப்பு தூரத்தில்தான். சோறு அண்ணி கட்டிக் கொடுக்கிறாள். புது ஆளுக்கு ஆறு மாசத்துக்கு லீவு கிடையாதாம், ஒருநாள் வராவிட்டாலும் பெயரை அடித்துவிடுவார்களாம். அதனால் அழைக்க வரமுடியாது.

நீயும் இப்போது கிளம்பவேண்டாம். தெருவில் அம்மை விளையாடுகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு? வீட்டிலும் ஒரு பக்கம் ஒழுகுகிறது, ஓடு மாற்றவேண்டும். சித்திரை வரைக்கும்தான் உனக்கு அங்கே இடம் இருக்கிறதே. இருக்கிறவரை அந்தச் சுரங்கத்துக்காரன் வீட்டிலேயே கால் நீட்டிப் படு, அவன் உன் புருஷனை வைத்து எவ்வளவு தங்கம் எடுத்திருப்பான்.

அத்தாவுல்லா உன்னை விசாரித்தான். அவன் முன்போல வருவதில்லை, வேலை அதிகம்.

மாப்பிள்ளை ஆட்டை விசாரித்தார்.

பொன்னுரங்கம்


மாரிக்குப்பம்
26–3–1935

அண்ணனுக்கு ராஜாத்தி.

அவர் கையால் ஒரு கோடாவது போட்டு அனுப்பு என்று மாசிக் கடைசியில் கார்டு போட்டேன். பதில் இல்லை. இனிமேல் அதற்குப் பதில் வேண்டாம்.

வியாகுலம்மாள் தன் தாயாருக்குக் கண் காட்ட மெட்ராஸ் போனாள். அவருக்குப் பிடிக்குமே என்று முறுக்கு சுட்டு உன் வீட்டு அடையாளம் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். நீ வீட்டில் இல்லையாம். அண்ணி கதவைப் பாதி திறந்து, "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்றாளாம். உள்ளேயிருந்து, "யாரு, நம்ப லைன் வியாகுலமா?" என்று குரல் வந்ததாம்.

கட்டிலில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகுப் புண்ணின் வாடை தெருவரைக்கும் வருகிறது என்றாள். அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவர் அழவில்லையாம். "ஆட்டை வித்துட்டாளான்னு கேளு, வித்தா நல்ல ஆளா பார்த்து விக்கச் சொல்லு" என்றாராம். அதைக் கேட்டதும்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்றே எனக்கு நம்பிக்கை வந்தது.

எது எதையோ எழுதினாயே. அம்மை விளையாடுகிறது, ஓடு ஒழுகுகிறது. என் புருஷன் வாயில் கண்மணியை எடுத்து வைத்தாயே. படித்துப் படித்து நான் பூ வைத்துக்கொண்டேன் அண்ணா.

பட்டறை கேட்டில் அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதினாய். அவர் கட்டிலில் கிடந்தால் பதில் சொல்கிறவன் யார்? என்ன நடந்தது என்று நேராக எழுது. வேடிக்கையாக ஒரு வரி இருந்தாலும் கிழித்துவிடுவேன்.

ராஜாத்தி


ராயபுரம்
30–3–1935

ராஜாத்திக்கு.

கோட்டைத் தாண்டினதும் அவர் கட்டையைச் சொருகினார். தண்டவாளத்தில் சொருகினால் இரும்பு இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு நேரே போய் நிற்கும். இங்கே சக்கரத்துக்கு நாங்களே ரப்பர் சுற்றியிருந்தோம். மீன் சரிவில் மெதுவாகப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. வாராவதி வேகத்தில் ஒரு சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது, மற்ற மூன்றும் ஓடின. வண்டி அப்படியே சுழன்று அடிவாரத்துக் கல்தூணில் மோதியது. நான் மணலில் போய் விழுந்தேன், எனக்குக் கீறல்தான். வண்டி அவர் முதுகின் மேல் இருந்தது. கட்டை அவர் கையில் இருந்தது.

விடு என்று கத்தச் சொல்லியிருந்தாய். கத்தினேன். முந்தி கத்தினேனா பிந்தி கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஃபோர்மன் துரை மேலேயே இருந்தான். கோட்டில் கொடி விழுந்ததும் கை தட்டிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் வைத்திருந்தார்கள். இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள் என்றார்கள். சாயந்திரமானால் ஜுரம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "அவளுக்கு எழுதாதீங்க மச்சான். நான் எழுந்து நின்னப்புறம் எழுதலாம்." இரண்டாவது பேச்சு, "வேலை போயிடுமே." திங்கட்கிழமை ஆள் வராவிட்டால் அடுத்த வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நான் மரத்தொட்டி வேலையை விட்டுவிட்டு கேட்டில் போய் நின்றேன். பக்தவச்சலம் என்று கூப்பிட்டார்கள். ஆஜர் என்றேன். வண்டியில் இருந்த இரண்டு பேரில் அந்தப் பெயர் யாருடையது என்று கிளார்க்குக்குத் தெரியாது, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எழுந்ததும் அவரை நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்ளலாம் என்றுதான் செய்தேன். என் பெயரில் சேர்ந்திருந்தால் வேலை எனக்கு வந்திருக்கும், அவருக்கு இருக்காது.

அவர் எழுந்திருக்க மாட்டார் ராஜாத்தி. குழந்தையை அழைத்துக்கொண்டு உடனே வா. புண் வாடையில் குழந்தை பயப்படாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வை.

பொன்னுரங்கம்


மாரிக்குப்பம்
4–5–1935

அண்ணனுக்கு. நானும் தாயம்மாவும் வந்து சேர்ந்தோம். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க இன்னும் சில நாள் இருக்கிறது. ஆட்டை வியாகுலம்மாளிடமே விட்டுவிடுகிறேன்.

பக்கத்தில் இருந்தபோது உன்னைக் கேட்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன். காகிதத்தில் கேட்டுவிடுகிறேன்.

அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போனார். அதில் எனக்குக் குறை இல்லை. வந்து அவரோடு இருக்கக் கிடைத்ததே. ஆனால் அன்றைக்குக் காலையில் நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். பாடைக்கு மூங்கில் வாங்கப் போகிறாய் என்று நினைத்தேன். வெயில் ஏறியது, வைத்திருக்க முடியாது என்றார்கள். தூக்கும் நேரத்தில் நீ இல்லை. தோள் கொடுக்க ஆள் குறைந்து அத்தாவுல்லா பாய் வந்து தோள் கொடுத்தார். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன் கொண்டுவந்து போடவேண்டும். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அண்ணி கொண்டுவந்து என் தோளில் போட்டாள். அவர் பக்கத்து ஜனங்கள் என்ன பேசினார்கள் என்று நான் எழுதமாட்டேன்.

சாயந்திரம் எண்ணெய்க் கையோடு வந்து வாசலில் முகம் கழுவினாய். பட்டறைக்குத்தான் போயிருக்கிறாய். அன்றைக்குமா அண்ணா?

ராஜாத்தி


ராயபுரம்
8–5–1935

தங்கைக்கு. அண்ணியும் நானும் இருக்கிறோம். நீயும் குழந்தையும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை, லீவு கேட்கப் போனேன். சொல்லிவிட்டு, திரும்பும்போது கோடி வாங்கிக்கொண்டு ஓடிவருவதாகத்தான் கணக்கு. கேட்டில் பெயர் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் ஆஜர் என்றேன். அப்புறம் கிளார்க்கிடம் போய், "சாமி, வூட்ல சாவு, இன்னிக்கி ஒரு நாளு வுட்டுடுங்க" என்றேன்.

"யார் செத்தது? பேர் சொல்லு, எழுதணும்" என்றார்.

எனக்கு வாயில் வந்தது அவர் பெயர். அந்தப் பெயர்தான் இப்போது ஆஜர் என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கிறதே. வேறு ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அத்தை, சித்தப்பன், இல்லாத ஆள் யாரையாவது. உனக்கு எத்தனை பொய் எழுதினேன், ஒன்றுக்குக்கூட நான் யோசித்ததில்லை. அன்றைக்கு ஒரு பொய் வரவில்லை. அவர் செத்திருக்கும்போது இன்னொருவன் செத்தான் என்று சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை ராஜாத்தி.

"இன்னாய்யா முழிக்கிறே? செத்தவன் பேரு மறந்துட்டியா?" என்று பின்னால் நின்றவன் கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் அந்த இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். கிளார்க்கு, "பக்தவச்சலம், போய் வேலையைப் பாரு" என்றார். போனேன். திரும்பி நடந்திருந்தால் அன்றைக்கே பெயரை அடித்திருப்பார்கள், நீங்கள் இரண்டு பேரும் வந்து எதைச் சாப்பிடுவது என்று ஓர் எண்ணம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க இரும்பு அறுத்தேன்.

இப்போது தினம் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது ஆஜர் சொல்லத் தாமதமாகிறது. நேற்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். ஃபோர்மன் திரும்பிப் பார்த்தான். விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மரத்தொட்டியில் போய்க் கேட்கிறேன், இல்லாவிட்டால் ஹார்பரில் மூட்டை தூக்குகிறேன். செத்தவர் பெயரில் நான் எத்தனை நாள் உயிரோடு இருப்பது? ஆனால் அது என் பெயர் இல்லை, உன்னைக் கேட்காமல் விட எனக்குப் பாத்தியம் இல்லை. நீ ஒரு வார்த்தை எழுது.

பொன்னுரங்கம்


மாரிக்குப்பம்
12–5–1935

அண்ணனுக்குத் தங்கை ராஜாத்தி எழுதியது. நாங்கள் சுகம். தாயம்மா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடுகிறாள்.

உன் கடிதத்தை வியாகுலம்மாளுக்கும் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். யார் கையிலாவது கிடைத்தால் உனக்குத்தான் கஷ்டம்.

மரத்தொட்டியில் உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று அண்ணி என்னிடம் சொன்னாள். உன் வயதுக்கு மூட்டை தூக்கினால் மழைக்காலம்வரை தாங்கமாட்டாய். அப்புறம் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பொம்பளைகள்தான்.

வேலையை விடாதே. அவர் அதற்காகத்தான் உருண்டார். அவர் பெயரை இனிமேல் நானும் சொல்லப்போவதில்லை, தாயம்மாவும் சொல்லப்போவதில்லை. வேறு எங்கே அதைக் கூப்பிடப் போகிறார்கள்?

கோடியைப் பற்றி நான் எழுதினதை மறந்துவிடு.

புதன்கிழமை வண்டியில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு அண்ணியை அனுப்பு, நீ வரவேண்டாம், பட்டறைக்குப் போ. பெயரைக் கூப்பிட்டால் உடனே ஆஜர் சொல்லிவிடு. இரண்டாம் தடவை கூப்பிட வைக்காதே.

ராஜாத்தி